மூன்றாவது சீட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் பாப்பாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், அவ்வளவுதான். என்னோடு அறையில் தங்கியிருக்கும் சமையல்காரர் விடுமுறையில் கிளம்புகிறார். இந்தக் கடிதம், உன் விமான டிக்கெட், விசா, மூன்று துண்டுச் சீட்டுகள் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மாமா அப்படியேதான் இருக்கிறார். ஆஸ்பத்திரியில்தான். சாரத்திலிருந்து விழுந்தது சின்ன உயரம் இல்லை அல்லவா, இதற்கெல்லாம் நாளாகும் என்கிறார்கள். நீ போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை என்று கோபப்படாதே, டியூட்டியில் போன் வைத்திருந்தால் இங்கே அபராதம். மனைவி நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும் என்று கம்பெனிக்காரர்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அதனால்தான் உன்னைத் தனியாக வரச் சொல்கிறேன். பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு வா.

பயப்படாதே. ஐந்து வருடமாக இந்த விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிறேன். ஆங்கிலம் தெரியாமல் வந்து இறங்கி, திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் மாதிரி நிற்கிற எத்தனையோ பேரைக் கரை சேர்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று. அதிகாரி எதைக் கேட்டாலும் ‘எஸ், எஸ்’ என்று தலையாட்டிவிடாதே. போன மாதம் ஒரு அம்மா, மகளைப் பார்க்க வந்தவர், ‘வேலை செய்ய வந்தாயா’ என்று கேட்டதற்கு ‘எஸ்’ என்று சிரித்தார். விசாவில் ஒன்று, வாயில் ஒன்று. ஒரு அறையில் உட்காரவைத்துவிட்டு வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகள் வெளியே பூங்கொத்தோடு நின்றாள். வாயும் காகிதமும் ஒன்றையே சொல்லவேண்டும், இங்கே சட்டம் அவ்வளவுதான்.

நான் நாற்காலி தள்ளுகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கிற மாதிரியே உனக்கும் சீட்டு எழுதியிருக்கிறேன். ஒன்றாவது, பாதி வழியில் விமானம் மாறுகிற இடத்தில் சீருடை போட்ட யாரிடமாவது காட்டு, கொண்டுபோய் விடுவார்கள். இரண்டாவது, பெட்டி வராவிட்டால். மூன்றாவது இங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற அதிகாரிக்கு. அதை உறையில் போட்டு ஒட்டியிருக்கிறேன். அவர் கையில்தான் அது பிரியவேண்டும். பக்கத்து இருக்கைக்காரர்கள் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே அக்கா. உன் விவரமெல்லாம் அதில் இருக்கிறது, காலம் கெட்டுக் கிடக்கிறது.

மாமா கண்ணாடி கேட்டிருந்தார் என்று முன்பு சொன்னாயே, அதற்கு இப்போது அவசரமில்லை. நல்ல சட்டை ஒன்று எடுத்து வா. முழுக்கைச் சட்டையாக இருக்கட்டும்.

வெளியே வரும் வழியில் இடது பக்கத் தூணருகே நிற்பேன். விமானத்தில் தருவதைச் சாப்பிட்டுவிடு. வயிற்றைக் காயப்போடாதே. இங்கே வந்தபிறகு சாப்பிட முடியுமோ என்னவோ, அலைச்சல் இருக்கும்.

உன் தம்பி

*

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இன்னும் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுவோம் என்று மைக்கில் சொன்னார்கள். உன் கடிதத்தின் முதுகிலேயே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் முன்னால் செருகியிருக்கும் வாந்திப் பை இருக்கிறது, முகம் சுளிக்காதே, சுத்தமான பைதான். தபால் ஏதும் இல்லை. வெளியே வந்ததும் இதை உன் கையில் கொடுப்பேன். படித்து முடிக்கிறவரை நீ வாயைத் திறக்கக்கூடாது.

உன் ஒன்றாவது சீட்டு எனக்குத் தேவைப்படவில்லை. விமானம் மாறுகிற இடத்தில் பலகைகளைப் பார்த்தே நடந்தேன். ஒரு இடத்தில் மட்டும் குழம்பி, துடைப்ப வண்டி தள்ளிய பெண்ணிடம் ‘வேர் இஸ் கேட் நைன்டீன்?’ என்று கேட்டேன். அவள் கைகாட்டினாள். ‘தேங்க்யூ’ சொன்னேன். உனக்கு வாய் பிளந்திருக்கும். ஒன்றரை வருடமாக எனக்குப் பாடம் நடந்தது தம்பி. உன்னிடம் சொல்லக்கூடாது, இங்கே வந்து இறங்கி உன்னை அசத்தவேண்டும் என்பது உன் மாமாவின் ஏற்பாடு.

லீவு நாளில் போன் செய்வார் இல்லையா, அதில் பாதி நேரம் பாடம்தான். அவர் அதிகாரி, நான் பயணி. குரலைக் கட்டையாக்கிக்கொண்டு ‘பர்ப்பஸ் ஆஃப் விசிட்?’ என்பார். ‘ஐ ஹாவ் கம் டு சீ மை ஹஸ்பண்ட்’ என்று நான் சொல்லவேண்டும். ‘சத்தமாச் சொல்லும்மா, ஆபீசருக்குக் காது மந்தம்’ என்பார். அடுப்படியில் நின்று நான் கத்துவேன், பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பாள். ‘ஹவ் மெனி டேஸ்?’ என்பார். ‘சிக்ஸ்டி டேஸ்.’ உடனே, ‘பத்தாது, ரிஜெக்ட்!’ என்பார். ஒவ்வொரு வாரமும் அதே ரிஜெக்ட்தான். எழுத்தும் விடவில்லை. பாப்பாவின் நோட்டில் நாலு வரி எழுதிப் படம் எடுத்து அனுப்பவேண்டும், மார்க் போடுவார்.

சற்று முன்னால் ஒரு கார்டு கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த தாடிக்காரரிடம் ‘பென் ப்ளீஸ்’ என்று வாங்கினேன். பெயர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் நானே எழுதிவிட்டேன். எதற்காக வந்தாய் என்கிற இடம் வந்தது. மனப்பாடம்தான், ஆனால் நீதான் வாயும் காகிதமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தாயே. நான் ஒன்று எழுதி, உன் சீட்டில் வேறொன்று இருந்தால் என்னையும் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று உறையைப் பிரித்தேன். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் பிரித்தேன் தம்பி.

‘மை ஹஸ்பண்ட்’ என்றுதான் ஆரம்பித்திருந்தாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். அடுத்த சொல்லை அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை. தாண்டிப் போனேன். இரண்டாவது வரியில் பி, ஓ, டி, ஒய். எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பாடி என்று நாமும்தானே சொல்கிறோம்.

அடப்பாவி, ஆளை உட்காரவைத்துப் பெல்ட்டும் போட்டு, இறங்கவும் முடியாத இடத்தில் வைத்து எனக்கு இதைச் சொல்லியிருக்கிறாயே. கத்தவில்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அங்கே தண்ணீர் விட்டால் ஒரு சத்தம் வருமே, அதைத் திரும்பத் திரும்ப அழுத்தி அழுத்தி அழுதேன். விமானப் பெண் கதவைத் தட்டி ‘ஆர் யூ ஓகே, மேடம்?’ என்றாள். அதற்கும் பதில் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். ‘ஐயாம் ஃபைன்’ என்றேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது. உன்மேல் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அவருக்கு இந்த வேலை வாங்கிக்கொடுத்ததற்காக இல்லை. அதை நினைத்து நீ சாகாதே, ‘அவருக்கும் ஒரு வழி பண்ணுடா’ என்று உன்னை நச்சரித்தவள் நான்தான். இது வேறு கோபம். அவர் விழுந்த சேதி வந்ததிலிருந்து பதினோரு நாளாக நான் அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டிருந்தேன். ‘படுக்கையில இருந்தா என்ன, நர்ஸ்கிட்ட போன் கேட்டு ஒரு வார்த்தை பேச முடியாதா, பெரிய இவரு’ என்று பாத்திரத்தை விட்டெறிந்திருக்கிறேன். வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று மனசுக்குள் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். அதற்கு நீ என்னை விட்டிருக்கக்கூடாது.

நீ ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால் நான் படியிறங்கியிருக்கமாட்டேன், நான் வராவிட்டால் அவரைத் தரமாட்டார்கள். அதிகாரியிடமும் பொய் எழுத முடியாது. எல்லாப் பக்கமும் யோசித்திருக்கிறாய், எனக்குப் படிக்கத் தெரியும் என்பதைத் தவிர.

உன் கடிதத்தில் இடம் தீர்ந்தது, இனி வாந்திப் பை. இறங்கியதும் எனக்கு இருக்கிற பயம் ஒன்றுதான், அந்த அதிகாரி என்னை உள்ளே விடாமல் திருப்பிவிடுவாரோ என்று. கார்டில் அந்த இடத்தை இப்போதுதான் நிரப்பினேன், உன் சீட்டைப் பார்த்து, எழுத்து எழுத்தாக. ஆனால் சீட்டை அவரிடம் நீட்டமாட்டேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பேரை உன் மாமாவுக்கு வாங்கிக்கொடுக்க மாட்டேன். ஒன்றரை வருடம் தொண்டை வற்றக் கற்றுக்கொடுத்தவர். அதிகாரி கேட்கட்டும், நானே சொல்கிறேன். தெரியாத அந்தச் சொல்லைத் தாடிக்காரரிடம் காட்டி எப்படிச் சொல்வது என்று கேட்டேன். சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்த மனிதர் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் வாங்கிவந்தார். பத்துத் தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். சரியாக வருகிறது. காது மந்தமான ஆபீசருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்.

ஆங்கிலத்தில் சொல்லும்போது யாரோ ஒருத்தியின் புருஷனைப் பற்றிச் சொல்வது மாதிரி இருக்கிறது, அதனால் முடிகிறது. தமிழில் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. நீயும் சொல்லிவிடாதே. தூணருகே என்னைப் பார்த்ததும் காலில் விழுவது, ‘அக்கா’ என்று கதறுவது எதுவும் வேண்டாம். பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நட. வெயிலா குளிரா என்று ஏதாவது பேசிக்கொண்டு வா. நீ சாப்பிட்டிருக்கமாட்டாய், எனக்குக் கொடுத்த ரொட்டியை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், அதைத் தின்றுகொண்டே நட.

சட்டை கொண்டுவந்திருக்கிறேன், முழுக்கைதான். கண்ணாடியும் கொண்டுவந்திருக்கிறேன். அவசரமில்லை என்றாய், ஆனால் அது இல்லாமல் அவருக்கு எதிரில் இருக்கிற ஆள் தெரியாது. அதை அவர் முகத்தில் நான் போட்டுவிடுகிறவரைக்கும் தமிழில் யாரும் எதுவும் சொல்லவேண்டாம் தம்பி. நீ நன்றாக இருப்பாய், அதுவரைக்கும் மட்டும் பொறுத்துக்கொள்.

அக்கா