நண்டுக் காலில் நைனா பேரு

கண்ணு அன்பு, அம்மா எழுதறேன். நொச்சிக்குப்பத்துல நானும் நைனாவும் கை காலோட நல்லாதான் கீறோம், நார்வே குளிர்ல நீ எப்டி கீறியோன்னு எந்நேரமும் அதே நெனப்பு. டெய்லி போன்ல மூஞ்சியப் பாத்துப் பேசறவ இன்னாத்துக்குப் பேப்பரும் பேனாவுமா குந்திட்டான்னு யோசிப்ப. வூட்ல கீறது ஒரே போனு, நான் பேசினா நைனா ஸ்பீக்கர்ல போட்டுக்கினு பக்கத்துலயே நிக்குது. உன் சின்னம்மா பொண்ணு வைதேகி போன்லயிருந்து பேசலாம்னா எனக்கு அழுகை வந்துடும். அதான் தலவலின்னு டபாய்ச்சிட்டு மார்க்கெட்டுக்குப் போவாம எழுதறேன், வைதேகிதான் இத போட்டோ புடிச்சி உனக்கு அனுப்புவா.

இங்க மழ புடிச்சிக்கிச்சு. வைதேகி பரீட்சையில பாஸாயிட்டா. ஆழ்வார்பேட்டையில இருந்து எறா வாங்க வர்ற பேங்க் அம்மா உன்னக் கேட்டாங்க, நண்டப் பத்திப் படிச்சா இன்னா வேல கெடைக்கும்னு அவங்களுக்கு இன்னும் புரியல, எனக்கு மட்டும் புரிஞ்சிடுச்சா இன்னா. நீ தலைக்கு எண்ண வெச்சி எத்தினி நாளாச்சோ, போன்ல முடி தென்னநாரு மாதிரி தெரியுது. சரி, விஷயத்துக்கு வரேன். போன லீவுல நீ வந்தப்போ நைனா வலையில முள்ளு முள்ளா ஒரு நண்டு வந்துச்சே, கறிக்கு ஆவாதுன்னு நாங்க மணல்லயே கழிச்சிப் போடறது, அத நீ வாங்கி ஸ்பிரிட்டுல போட்டு எடுத்துக்கினு போன. யாரும் இதுவரைக்கும் பேரு வெக்காத ஜாதி அது, நைனா பேரையே வெக்கறேன்னு சொல்லி போட்டோ அனுப்பின. நீ ஆசையாத்தான் அனுப்பின, எனக்குத் தெரியாதா. ஆனா அதப் பாத்ததும் நான் போன கவுத்து வெச்சிட்டேன். கறுப்புத் துணி மேல காலெல்லாம் பரப்பிக்கினு செத்துக் கெடக்குது, ஒரு கால்ல நூல் கட்டி சீட்டு, சீட்டுல உன் நைனா பேரு. இங்கிலீசு எழுத்துதான், ஆனா கட்டிக்கினு வந்த நாளா நான் வாயால சொல்லாத பேரு, எந்த எழுத்துல இருந்தாலும் எனக்குத் தெரியும். உன் அறிவு மாமன் கடலுக்குப் போய் பொணமா கரையில ஒதுங்கினப்போ ஆஸ்பத்திரியில கால் கட்டவெரல்ல அப்டித்தான் சீட்டு கட்டி வெச்சிருந்தாங்க. நீ அப்போ கைக்கொழந்த. இருநூறு வருசமானாலும் அந்தச் சீட்டு மியூசியத்துல அப்டியே இருக்கும்னு நீ சொன்ன, எனக்கு பயம் இன்னும் ஏறித்தான் போச்சு.

நைனாவுக்கு அதெல்லாம் ஒன்னுமில்ல. வஞ்சிரம் வாங்க வர்றவங்ககிட்டல்லாம் போன நீட்டி, என் பேருல நண்டு கீது பாரு சார்னு ஒரே ரவுசு. அதோட விட்டாலும் பரவால்ல. கெடச்சது பொட்ட நண்டு, ஆம்பள நண்டும் ஒன்னு கெடச்சா புது ஜாதின்னு இன்னும் உறுதியா சொல்லலாம்னு பேச்சுவாக்குல நீ சொன்ன பாரு, அன்னில இருந்து அதுக்குப் பேய் புடிச்ச மாதிரி ஆயிடுச்சு. மீன் கெடைக்குதோ இல்லியோ, வழக்கமா போற எடத்த வுட்டுட்டு, அடியில பாறையா கெடக்கற எடத்துக்குப் போய் வல போடுது. கூடப் போற கணேசமூர்த்தி அண்ணன் நண்டுக்காக உசுர வுட நான் ஆள் இல்லன்னு நின்னுட்டாரு. பிரஷர் மாத்திர போடற ஒடம்ப வெச்சிக்கினு தனியா போவுது. போன வியாழக்கெழம விடியறதுக்குள்ள போனது நாஸ்டாவுக்கு வந்துடும், வரல. மத்தியானம் ஆச்சு, அப்பவும் வரல. மீன் கூடைய அப்டியே போட்டுட்டு கரையில போய் நின்னேன் அன்பு, கங்கையம்மா கங்கையம்மான்னு கூப்ட்டுக்கினே. வல பாறையில மாட்டி, இன்ஜின் விசிறியில கயிறு சுத்தி நின்னு போய், தண்ணி போற பக்கம் படகு போயிருக்கு. காசிமேட்டு லாஞ்சு ஒன்னு பாத்து இழுத்தாந்து வுட்டுச்சு. எறங்கினதும் இன்னா சொல்லிச்சு தெரியுமா, ஆம்பள நண்டு கெடைக்கலன்னு. இத உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு என் தல மேலயே கை வெச்சி சத்தியம் பண்ண வெச்சுது. மீறித்தான் எழுதறேன், போனா என் தலதான.

இப்போ புயல் கெளம்பியிருக்கு, யாரும் கடலுக்குப் போவாதீங்கன்னு மைக் கட்டி சொல்லிக்கினு போறாங்க. நைனா வாசல்ல குந்தி அதே வலைய தச்சிக்கினு கீது, காத்து கொஞ்சம் அடங்கட்டும் போறேன்னுது. நான் சொன்னா உனக்கு இன்னாடி தெரியும்னுது, நீ சொன்னாதான் வேதவாக்கு. நீயே இன்னிக்குப் போன் போட்டு, ஆம்பள நண்டு வேற ஊர்ல கெடச்சிடுச்சி, இனிமே வோணாம்னு சொல்லிடு. உன் வேலையில பொய் சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியும், நைனாவாண்ட சொல்றது வேலையில சேராது. நீ சொல்லிட்டன்னு தெரிஞ்சாதான் எனக்கு சோறு எறங்கும்.

உன் படிப்ப நான் கொற சொல்லல கண்ணு, நீ எங்க இருந்தாலும் அந்த கங்கையம்மா உனக்குத் தொணையா நிக்கட்டும், நோய் நொடி இல்லாம நல்லா இரு. ஒன்னு மட்டும் மறந்துடாத. அந்தப் பேரு இன்னும் அச்சுல ஏறலன்னு சொன்ன இல்ல, அத மாத்திடு. பொட்ட நண்டுக்கு எதுக்கு ஆம்பள பேரு. பேரு வெச்சே ஆவணும்னா சீட்டுல என் பேர எழுதிக் கட்டு. நான் கரையில கீறவ. எது தேடிக்கினு வந்தாலும் என்னாண்ட வரட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா சொர்ணம்