கார்டு எடுக்காத வீடு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து போன் ஓயவில்லை. எங்கள் சங்கத்தின் இலவச உதவி எண்ணுக்கு வயதானவர்களும், உடல் குறையுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களும் கூப்பிடுவார்கள். எந்த மருத்துவச் செலவை அரசாங்கம் ஏற்கும், ஊனமுற்றோருக்கான ஓகேயூ கார்டை எப்படி எடுப்பது, எந்த டாக்டரிடம் கையெழுத்து வாங்குவது — இதையே நாள் முழுக்கச் சொல்கிறேன். கோலா கங்சாரிலிருந்து ஒரு பெரியவர், “கார்டு எடுத்தா நான் நொண்டின்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும்லா” என்றார். நடந்து காட்டினாலே தெரிந்துவிடுமே ஐயா என்றேன். போனை வைத்துவிட்டார்.

பொறுப்பாளர் சாந்தினி என்னை முறைத்தாள். முறைக்கட்டும். எனக்கும் போலியோ கால்தான், எனக்கும் அந்தக் கார்டு உண்டு. நொண்டிக்கு நொண்டி பேசிக்கொள்வதில் இவளுக்கு என்ன வந்தது?

மார்ச் 9, ஞாயிறு

மங்களம் அக்கா வீட்டுக்குப் போனேன். தனேஷின் முதுகுப் புண் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. அவளுடைய இளைய மகன் அவன். பிறந்ததிலிருந்து படுக்கை, பேச்சில்லை, முப்பதை நெருங்குகிறான். நான் போனால் மட்டும் தொண்டையில் ஒரு சத்தம் போடுவான். சின்னம்மா என்று கூப்பிடுகிறான் என நானே வைத்துக்கொண்டேன்.

ஊருக்கெல்லாம் கார்டு எடுக்க வழி சொல்கிறேன். என் அக்கா மகனுக்குக் கார்டு இல்லை. அது இருந்தால் அரசு ஆஸ்பத்திரி வார்டில் காசில்லாமல் படுக்க வைக்கலாம், காற்று மெத்தைக்கு மனுப் போடலாம். எத்தனையாவது முறையாகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

“வெல்ஃபேர் ஆளு வீட்டுக்கு வருவான், அக்கம்பக்கத்துல விசாரிப்பான். மூத்தவன் யுகேந்திரன் கல்யாணம் முடியட்டும்லா, புனிதா. பொண்ணு வீட்டுல ஒரே புள்ளன்னு சொல்லியிருக்கோம்.”

தனேஷ் பக்கத்தில்தான் கிடந்தான். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மார்ச் 15, சனி

பெண் வீட்டார் இன்று தெலுக் இந்தானிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். விடிந்ததும் தனேஷை வேனில் ஏற்றி என் பிளாட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். நானும் அங்கே போகக் கூடாதாம். “தப்பா எடுத்துக்காதடி. ஒன்ன பாத்தா ரத்தத்துல இருக்குன்னு நெனச்சிருவாங்க.”

போலியோ எப்படி அக்கா ரத்தத்தில் வரும்?

“எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?”

ஆக, அந்தக் குடும்பம் கழித்துப் போட்ட சாமான் எல்லாம் இன்று என் வீட்டில். நாங்கள் இரண்டு பேரும் கஞ்சி குடித்தோம். அவன் பாதியைக் கக்கினான். துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், ஆத்திரத்தில்.

மார்ச் 27, வியாழன்

சிரிப்பதா என்ன செய்வது?

மதியம் ஓர் அம்மாள் கூப்பிட்டார். விமலா என்று பெயர், தணிந்த குரல். பத்தொன்பது வயது மகன், தசை கரையும் நோய், நடை நின்றுவிட்டது. கார்டு எடுக்கவில்லை.

“மகளுக்கு வைகாசியில கல்யாணம், மேடம். மாப்பிள்ளை வீட்டுக்குப் பையனப் பத்தித் தெரியாது. முடிஞ்ச கையோட எடுத்திரலாம்ல? மனுப் பாரத்த மட்டும் இப்பவே தபால்ல அனுப்பிருங்க, ஒளிச்சு வச்சுக்கிறேன்.”

முகவரி சொன்னார். எழுதும்போதே கை நின்றது. யுகேந்திரனின் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகியிருக்கும் அதே தெலுக் இந்தான் முகவரி. மணப்பெண் ஷர்மினியின் அம்மா!

இவர்கள் அவர்களுக்கு ஒளிக்கிறார்கள். அவர்கள் இவர்களுக்கு ஒளிக்கிறார்கள். நடுவில் இரண்டு பிள்ளைகள் கிடந்து அழுகுகிறார்கள். ஆனால் போனில் கேட்டதை வெளியே விடக் கூடாது. இந்த வேலைக்கு அது ஒன்றுதான் கண்டிப்பான விதி. விமலாவிடம் என்றைக்கும் இல்லாத தன்மையாகப் பேசினேன். பாரத்தையும் அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

தனேஷுக்குக் காய்ச்சல். புண்ணில் நாற்றம். கிளினிக் டாக்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியும் மாத்திரையோடு திரும்பியிருக்கிறார்கள். பினாங்கிலிருந்து யுகேந்திரன் போன் செய்தான். “சின்னம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அந்த ஆஸ்பத்திரியில ஷர்மினியோட அத்தை நர்ஸு. கல்யாணத்த கெடுத்துராதீங்க.”

கார்டு இல்லாவிட்டாலும் அட்மிட் பண்ணுவாங்கடா என்றேன். வைத்துவிட்டான். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல எல்லாருக்கும் சொல்கிறேனே — என் வீட்டில் ஒருத்தராவது கேட்கிறார்களா?

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அவங்க வீட்டுலயும் ஒரு பையன் இப்படித்தான் இருக்கான் அக்கா, யாருக்குப் பயந்து யாரை ஒளிக்கிற என்று கேட்டுவிட்டேன். அக்கா தனேஷின் வாயைத் துடைத்தாள். பிறகு, “எந்த வார்டுல போடுவாங்க?” என்று கேட்டாள். நாளைக்கே போகலாம் என்றாள். விதியை மீறியதற்கு வருத்தமே இல்லை. நிம்மதியாக இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

கல்யாணம் நின்றுவிட்டது. நிறுத்தியது யுகேந்திரன். ஷர்மினி வீட்டுக்கு போன் போட்டு, இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு எங்களை ஏமாற்றப் பார்த்தீர்களா என்று கத்தியிருக்கிறான். இவன்!

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்ல வேள நீ சொன்ன. ரெண்டு பக்கமும் இருந்தா, பேரப்புள்ள எப்படிப் பொறக்கும், நெனச்சுப் பாரு.”

சரி, தனேஷ்? ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகவில்லையே?

“யுகேந்திரனுக்கு பீடோர்ல ஒரு பொண்ணு எடம் வந்திருக்கு. அது அமையட்டும்.”

என் அக்காவை அறையவேண்டும்போல் இருந்தது. பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

யாரையும் கேட்காமல் அக்கா வீட்டுக்கு ஆம்புலன்ஸ் அனுப்பினேன். அரைமணி கழித்து டிரைவர் கூப்பிட்டார். கேட்டைத் திறக்கவில்லையாம். இங்கே நோயாளி யாரும் இல்லை, வீடு தவறி வந்துவிட்டீர்கள் என்றாளாம் அந்த அம்மாள்.

“உள்ள ஏதோ சத்தம் கேட்டுச்சு, க்கா. டிவின்னு சொன்னாங்க.”

நான் டாக்சி எடுத்துப் போனேன். எனக்கும் திறக்கவில்லை. போலீசுக்குச் சொல்கிறேன் என்று கத்தினேன். சொல், உன் அக்காளைப் பிடித்துக் கொடு என்றாள் உள்ளிருந்தே. போலீஸ் நிலைய வாசல்வரை போனேன். உள்ளே போகவில்லை. கூடப் பிறந்தவளாம்.

ஏப்ரல் 12, சனி

தனேஷ் போய்விட்டான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்று மாலையே எரித்துவிட்டார்கள். பத்திரிகையில் இரங்கல் போடவில்லை. பீடோர்க்காரர்கள் பார்த்துவிடுவார்களாம்.

மே 14, புதன்

விமலா இன்று மறுபடி கூப்பிட்டார். அதே தணிந்த குரல். கல்யாணம் நின்றதைச் சொன்னார். இனி ஒளிக்க ஒன்றுமில்லையே, பாரத்தைப் பூர்த்தி செய்து மகனை உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள், நானே கூட வருகிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றுதான் எழுதவேண்டும்.

“வேணாம், மேடம். பாரத்த எரிச்சிட்டேன். எங்க பேரு, அட்ரஸ் எல்லாத்தையும் அழிச்சிருங்க, அதுக்குத்தான் கூப்பிட்டேன். இந்த நம்பரத் தவிர நாங்க வெளிய யாருகிட்டயும் சொல்லல.”

பதிவேட்டைப் பிரித்து அவர்கள் பெயரைத் தேடினேன்.

“ஒங்களச் சொல்லல, மேடம். நீங்க அன்னிக்கு எவ்ளோ தன்மையா பேசினீங்க. ஒங்க ஆபீஸ்ல வேற யாரோதான். பாத்து இருந்துக்குங்க.”

பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

“ராத்திரியில மூச்சு வாங்குது. பின்னாடி ரூம்ல போட்டிருக்கோம். ஷர்மினிக்கு இன்னொரு எடம் வருது, மேடம். அது முடியட்டும்.”