பேசாமலிருக்க உனக்குக் கிடைத்த உதவித்தொகை

இன்று காலை அலுவலகத்தில் யாரோ மைக்ரோவேவில் மீன்குழம்பைச் சூடாக்கிவிட்டார்கள். மாடி முழுவதும் புளியும் வெந்தயமும் மணத்தது. ஒருவரும் எதுவும் சொல்லவில்லை, சன்னல்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். நீ ஏதாவது சொல்வாய் என்று உன் மேசைப் பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். நீ போய் இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மெல்பேர்ணில் டண்டினோங் பக்கத்துச் சமூகநல நிலையத்தில் நாம் இருவரும் ஒரே அறையில் வேலை செய்தோம். நான் மனநலத் தாதி, நீ குடும்பநலப் பணியாளர். நான் யாழ்ப்பாணம், நீ மன்னார். நான் அதிகம் பேசமாட்டேன். நீயோ, மணி என்ன என்று கேட்டவருக்கு, அந்த மணிக்கூட்டை யார் வாங்கித் தந்தார், அவர் ஏன் கடைசிவரை கலியாணம் செய்யவில்லை என்பதுவரை சொல்லி அனுப்புவாய்.

எங்களிடம் வரும் தமிழ் முதியவர்களிடம் மனநலம் பற்றி என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்: ஒரு குறையும் இல்லை. கவலை இல்லை, பயம் இல்லை, எதுவும் இல்லை. உனக்கு அது பொறுக்கவில்லை. "எல்லாரும் நல்லா இருக்கினம் எண்டால் ஏனடி ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்ல?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தாய்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. மனநல ஆய்வைப் பற்றிய குறுகிய காலப் பயிற்சிகளுக்குப் போக, எங்களைப் போன்ற பணியாளர்களுக்கு உதவித்தொகை. சிட்னியில் மூன்று நாள் வகுப்பு, ஆட்களோடு பேசி ஆய்வு செய்வது எப்படி என்று. இருவரும் விண்ணப்பித்தோம். நீ அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாய். "அவர் துலைஞ்சதைத்தானே எடுத்துத் தருவார், இது எங்களிட்ட இருக்கவே இல்லையே" என்றேன். "எங்களுக்கு எவ்வளவு துலைஞ்சு போச்சு. அதில ஒண்டெண்டு நினைச்சுத் தரட்டும்" என்றாய்.

தெரிவுக்குழு இருவரையும் வீடியோவில் சேர்த்தே பேட்டி கண்டது. உங்கள் பலவீனம் என்ன என்று உன்னைக் கேட்டார்கள். அதிகம் பேசுவது என்று தொடங்கி, அதற்கு உதாரணங்கள் சொல்லி, எனக்கான நேரத்தையும் நீயே முடித்துவிட்டாய். இரண்டு கிழமையில் இருவருக்கும் கிடைத்தது. எனக்கு ஏன் தந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. உன்னோடு ஒரு ஆள் போவது நல்லது என்று நினைத்திருப்பார்கள்.

சிட்னியில் வகுப்பு நடத்தியவர் மார்ட்டின் என்ற மெலிந்த மனிதர். பேச்சும் நடையும் மெதுவாகவே இருக்கும். கேள்வியைக் கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள், அதற்குள் நீங்கள் பேசாதீர்கள் என்றார். நீ கையைத் தூக்கி, "அதுக்குள்ள ஆள் எழும்பிப் போனால்?" என்று கேட்டாய். போகமாட்டார்கள் என்றார். உங்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது என்று நீ விளக்கத் தொடங்கினாய். அன்று யாருக்கும் தேநீர் இடைவேளை கிடைக்கவில்லை.

மறுநாள் பயிற்சியில் உனக்கு எதிரே ஒரு இளைஞன். கவலை வந்தால் யாரிடம் சொல்வாய் என்று கேட்டாய். உன் உதடு எண்ணுவது அறைக்கே தெரிந்தது. நான்கு வந்ததும், "அம்மாவிடமா?" என்று கேட்டுவிட்டாய். மார்ட்டின் வந்து, நான்கிலேயே நிறுத்திவிட்டீர்களே என்றார். "மிச்சம் ஆறும் இருக்கு, பிறகு பாவிக்கிறன்" என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாய். மனிதர் முதன்முறையாகச் சிரித்தார்.

மூன்றாம் நாள் நானும் நீயும் எதிரெதிரே. தமிழில் செய்யலாம் என்று விட்டார்கள். "வேலை முடிஞ்சு வீட்டை போனால் என்ன செய்வாய்?" என்று கேட்டாய். சும்மா ஒரு கேள்வி. சமைப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. நீ எண்ணிக்கொண்டிருந்தாய். நான்கு போனது, பத்தும் போனது. உன் உதடு நின்றுவிட்டது. ஆனால் நீ பேசவில்லை.

"கராஜுக்குள்ள காரை விட்டிட்டு உள்ளயே இருப்பன்" என்றேன். "வீட்டுக்குள்ள போக ஏலாமல் இருக்கும். உள்ள ஒரு பிரச்சினையும் இல்லை. அவர் நல்லவர், பிள்ளையள் நல்லாப் படிக்குதுகள். ஆனாலும் கதவைத் திறக்கக் கை வராது."

மனநலத் தாதி நான். மற்றவர்களிடம் ஒவ்வொரு நாளும் கேட்பதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். நேரம் முடிந்தது என்று மார்ட்டின் மணியை அடித்தார். நீ அவர் பக்கம் திரும்பவே இல்லை. பஸ்ஸை மறிப்பவள் போலக் கையை மட்டும் உயர்த்தினாய். அவரும் அப்படியே நின்றார்.

அன்று மாலை, குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் உன் மச்சாள் எங்களை ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போனாள். போகச் சொன்னது நீதான். "சாமி உங்கட, தோசை எல்லாருக்கும் பொது" என்பது உன் கொள்கை. வழி நெடுக நீ பேசவில்லை. மச்சாள் பயந்து, "இவளுக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். கோயில் கன்ரீனில் தோசை வந்த பிறகுதான் வாயைத் திறந்தாய். "மெல்பேர்ண் போன உடன டொக்டரிட்ட போறம். நான் கூட வருவன். அங்க நீ கதை, நான் கதைக்கமாட்டன்."

சொன்னபடியே செய்தாய். காத்திருக்கும் அறையில் இருந்த எல்லோருடைய வருத்தத்தையும் கேட்டு முடித்தாய். டொக்டரின் அறைக்குள் என் பக்கத்தில் ஒரு சொல் பேசாமல் இருந்தாய். எனக்குச் சுகமாக நாள் எடுத்தது. ஆனால் சுகமானது.

பிறகு எங்கள் தமிழ் முதியவர்களைப் பற்றிய சின்ன ஆய்வைத் தொடங்கினோம். முதலில் போனது ஒரு வயதான அன்ரி வீட்டுக்கு. "ஒரு குறையும் இல்லை பிள்ளை" என்றார், வழக்கம்போல. "இரவில என்ன செய்வியள் அன்ரி?" என்று கேட்டுவிட்டு நீ காத்திருந்தாய். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குசினிப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார்: "இந்தப் பிள்ளைக்கு ஏதோ செய்யுது, தண்ணி கொண்டு வா." தண்ணீர் வந்தது. குடித்தாய். அப்போதும் பேசவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. அந்த நேரம் அன்ரி தாழ்ந்த குரலில் சொன்னார்: "எழும்பி எழும்பிக் கதவுப் பூட்டைப் பாப்பன். ஆரும் வருவினமோ எண்டு." வெறும் கிளாஸை வாங்க வந்த மகள் அப்படியே தாயின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். "அம்மா, நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே" என்றாள்.

உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது ஆய்வு பாதியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தவர்களை நீ சிரிக்கவைத்து அனுப்பினாய். தாதிமாருக்கு உன் சொந்தக்காரர் எல்லோருடைய கதையும் மனப்பாடம். ஒரு பின்னேரம் எல்லோரும் போன பிறகு, "பயமா இருக்கோ?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். பத்து எப்போதோ தாண்டிவிட்டது.

"ஓம்" என்றாய்.

அவ்வளவுதான். உன் வாயிலிருந்து அதைவிடச் சின்னப் பதிலை நான் கேட்டதே இல்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய், நெடுநேரம். பிறகு சொன்னாய்: "காணும். இனி ஏதாவது கதையடி. இவ்வளவு அமைதி எனக்கு ஒத்துவராது."

கதைத்தேன். பக்கத்து வீட்டு நாய் என் செருப்பைத் தின்றதை, மனேஜர் தலைமயிருக்குச் சாயம் பூசியதை, பார்க்கிங் கிடைக்காமல் நான் சுற்றியதை, மூச்சு விடாமல் கதைத்தேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. நீ கண்ணைத் திறக்காமலே, "நாயின்ர பேர் அது இல்லை" என்று திருத்தினாய்.

காத்திருக்கப் பயிற்சி தர ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குப் பணமும் தருகிறார்கள். போதும், இனிக் கதை என்று ஒருவர் சொல்லும்போது உடனே வாயைத் திறந்து எதையாவது உளறுவதற்கு வகுப்பு ஏதும் கிடையாது. எனக்கு அது இப்போது நன்றாக வரும். கேட்பவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள், இவள் முன்பு பேசாத பிள்ளையாச்சே என்று.