‘ங்க’ போடாமல் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை

நங்கை,

இன்று காலை பூசை அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் செம்பு கையில் பட்டது. வெள்ளிங்கிரி மலைத் தீர்த்தம். வாயில் நீங்கள் கட்டிய மஞ்சள் துணியின் முடிச்சு இன்னும் அவிழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கட்டிக்கொண்டு வந்த நாள் முதல், என் வீட்டுக்காரரைவிட அவருடைய அக்காவான உங்களோடுதான் நான் அதிகம் பேசியிருப்பேன். கர்ப்பப்பைப் புற்றுக்கு இனி மருந்தில்லை என்று சொல்லிவிட்ட பிறகு, தொண்டாமுத்தூர் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே, கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்வதுபோல உங்கள் சாவுக்கு ஏற்பாடு செய்தீர்கள். கட்டிலை மலை தெரிகிற சன்னலோரம் போட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, திருநீறு பூசி, சிவன் பேரைச் சொல்லி, மூன்று சொட்டுத் தீர்த்தம் விட வேண்டும். குழாய், மிஷின் எதுவும் கூடாது. பிள்ளை இல்லாத உங்களுக்கு, அதைச் சொல்ல நான்தான் ஆள்.

“ஊரையே பேசி அடக்கறவளாச்சே நீ. எனக்காவ டாக்டர்கிட்ட ஒரே வார்த்தை பேசிப்போடு அம்மணி. எங்கே, சொல்லு பாக்கலாம்.”

“வேண்டாமுங்க.”

“பாரு, ‘ங்க’ போடறே! அப்படிக் குழைஞ்சா, இந்தம்மா சும்மா சொல்லுதுன்னு நெனைச்சுக்குவாங்க. வெட்டிச் சொல்லு.”

“படிச்சவங்ககிட்ட எப்படிங்க நங்கை... வேண்டா... முங்க.”

“உம்பட வாயில அதை ஆணியடிச்சு வெச்சிருக்குதா?”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று என்னையே திட்டினீர்கள். பத்துத் தடவைக்கு அப்புறம் ஒருவழியாக “வேண்டாம்” என்றேன். “இது போதும்” என்று முதுகில் தட்டிக்கொடுத்தீர்கள்.

வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் அன்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே உங்களுக்கு நினைவு தப்பி மூச்சு இழுத்தது. அந்த டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். “உடனே குழாய் போடணுங்க. போட்டுரலாங்களாம்மா?” என்று பணிவாகக் கேட்டார். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. அத்தனை மரியாதையாகக் கேட்டவரிடம் எப்படி வெட்டிச் சொல்வது?

கைகூப்பி, “சரிங்க” என்றேன்.

அவ்வளவுதான் நங்கை. அப்புறம் ஆஸ்பத்திரி வாசல் எஸ்.டி.டி. பூத்தில் நின்று, சொந்தக்காரர் நாலு பேருக்கு நாற்பது வார்த்தையில் விவரம் சொன்னதும் இதே வாய்தான்.

நான்கு நாள். குழாயைப் பிடுங்காதபடி உங்கள் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ஒரே ஒரு தடவை கண் திறந்து, கண்ணாடிக்கு வெளியே நின்ற என்னைத் தேடிக் கண்டுபிடித்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். “சாப்பிட்டியா?” என்று கேட்கிற பார்வை அது. சன்னல் இல்லாத அந்த அறையில், என் கை படாமலே போய்விட்டீர்கள்.

வருஷம் மூன்றாகிறது. ஈசன் முன்னால் நின்று ஊரில் எல்லோருக்காகவும் ஓயாமல் வேண்டுகிறேன். உங்களிடம் மட்டும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அந்த நிமிஷமே, “அட, உட்டுத் தள்ளு அம்மணி” என்று சொல்லிவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

அத்தனை லேசாக அது என்னைவிட்டுப் போகக் கூடாது நங்கை. அதனால்தான் கேட்காமலே வைத்திருக்கிறேன்.