இனிப்பு வாடை

மே 6

காலையிலிருந்து மழை. கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் தாமதம். பிரிக்ஃபீல்ட்ஸ் டியூஷனில் ஃபார்ம் சிக்ஸ் கெமிஸ்ட்ரி, பெயரிடும் பாடம். முதலில் கார்பன் சங்கிலியை எண்ணு. பிறகு பெயரின் வாலைப் பார். ‘ஓல்’ என்றால் ஆல்கஹால், ‘ஓன்’ என்றால் கீட்டோன். பாதிப் பேர் தூக்கம்.

வீட்டுக்கு வந்தால் சோபாவில் சேகர். மதியமே லோரியை மேரு டவுனில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். மூச்சில் இனிப்பு வாடை. முருகன் முன்னால் சூடம் அணைத்து விட்ட குடி. கட்டிய புருஷன் இப்படி.

“நான் தொடலம்மா. சத்தியமா.”

“சரி.”

கோபம்கூட வரவில்லை. ரசம் சுட வைத்தேன்.

மே 7

வாங்க: பால், மார்க்கர், காஸ்.

பக்கத்து அறையில் படுத்தேன். ராத்திரி முழுக்க அவர் தண்ணீர் குடிப்பதும் பாத்ரூம் போவதுமாக. விடிந்ததும் வாந்தி. சர்க்கரைக்காரர், ஊசி போட்டாரா என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

வேலி ஓரம் லெட்சுமி அக்கா. “என்ன லா மாலா, சேகரு தள்ளாடுறாரு? திரும்பியும் ஆரம்பிச்சிட்டாரா?”

“ஆமாக்கா.”

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

பேப்பர் திருத்தல். புரோப்பனோனைப் புரோப்பனோல் என்று எழுதிய கூட்டம். ரெண்டுக்கும் மூணு கார்பன்தானே டீச்சர் என்பார்கள். மூன்றுதான். குடும்பம் வேறு. மார்க் கிடையாது.

மே 8

வகுப்பில் கீட்டோன். பவித்ரா பையிலிருந்து நெயில் பாலிஷ் ரிமூவர் எடுத்தாள். “இதுல புரோப்பனோன்தானே டீச்சர்? மோந்து பாருங்க லா.”

முகர்ந்தேன். எங்கள் வீட்டுச் சோபா.

ஆல்கஹால் இல்லை. கீட்டோன். இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கும், இது மூச்சில் வரும். போன வருஷம் இதே போர்டில் நானே எழுதிப்போட்டது.

சேகர் போன் எடுக்கவில்லை. லெட்சுமி அக்காவைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கக்கா, கதவை உடைத்தாலும் பரவாயில்லை.

“குடிச்சுப் படுத்திருக்கவர எதுக்கு லா ஆஸ்பத்திரிக்கு?”

“குடிக்கலக்கா.”

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பயம் வந்தது.

மே 9

கிள்ளான். வார்டு. ரெண்டு கையிலும் டிரிப். சுவாசம் நேற்றைவிடப் பரவாயில்லையாம். துண்டு எடுக்க வீட்டுக்குப் போனபோது ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இன்சுலின் பேனா காலி. லோரி ஓட்டத்தில் கிளினிக் போகாமல் விட்டிருக்கிறார். பால் கெட்டுவிட்டது, கொட்டினேன்.

மத்தியானம் கண் திறந்தார். முழு நினைவு இல்லை. பக்கத்தில் நான். மறுபக்கம் டிரிப்பைச் சரிசெய்த நர்ஸ். அவளைத்தான் பார்த்தார்.

“மிஸ்ஸி, நான் குடிக்கல. என் வீட்டுக்காரிக்கிட்ட நீங்களாவது சொல்லுங்க.”