வீட்டுக்கு மட்டும் வழி சொல்லாதவளுக்கு

நேற்று மானகிரியிலிருந்து என் தம்பியின் பேத்தி வந்திருந்தாள். சென்னையில் வேலை கிடைத்திருக்கிறதாம். செருப்பைக் கழற்றுமுன்பே, "அப்பத்தா, அங்க எங்குட்டுச் சாப்பிடலாம், எங்குட்டுச் சுத்திப் பாக்கலாம்னு உங்கட்ட ஒரு லிஸ்ட்டு இருக்காமே, எடுங்க" என்றாள். அலமாரியைத் திறந்து உன் தாள்களை எடுத்தேன். தேர்வுக்கூடத்தில் மிஞ்சிய கூடுதல் விடைத்தாள்கள். வேதியியல் பேராசிரியையான நீ அவற்றைத் தூக்கி எறிய மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்தியிருக்கிறாய். இடப்பக்க ஓரத்தில் சிவப்பு மையில் ஒவ்வொரு கடைக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். பத்துக்குப் பத்து எவருக்கும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் உன்னை நான் முழுமையாக நம்பினேன்.

தாள்களைப் படமெடுத்துக்கொள்ளும்படி பெண்ணிடம் சொல்லிவிட்டு அவற்றைத் திரும்ப வாங்கி வைத்தேன். அவள் போன பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். இறந்தவர்களுக்கு எழுதுவதில் ஒரு வசதி உண்டு: குறுக்கே பேச மாட்டார்கள். உன் விஷயத்தில் அதுகூட உறுதியில்லை.

நாம் இருவரும் காரைக்குடியில் ஒரே கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தினோம். நீ வேதியியல், நான் வரலாறு. ஓய்வு பெற்றதும் நீ மகனோடு இருக்கப் போகிறேன் என்று சென்னைக்குக் குடிபெயர்ந்தாய். கே.கே. நகரில் மூன்றாம் மாடி. அந்த முதல் ஆண்டு, கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று மருத்துவரைப் பார்க்க நான் சென்னைக்கு வந்தபோது உன் வீட்டில்தான் மதியம் சாப்பிட்டேன். உன் மகனுக்கு அப்போதுதான் திருமணமாகியிருந்தது. மருமகள் வனிதா பரிமாறினாள். அதற்குப் பிறகு ஆண்டுக்கு இருமுறை வீதம் பதினோரு ஆண்டுகள் வந்திருக்கிறேன். காலையில் எழும்பூரில் இறங்குவேன், மருத்துவரைப் பார்ப்பேன், இரவு வண்டியில் திரும்புவேன். இடைப்பட்ட பகல் முழுவதும் உன்னோடு. ஆனால் ஒரு முறைகூட நீ என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

மாறாக, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வாரம் முன்னதாக ஒரு தாள் தபாலில் வந்தது. "திருவல்லிக்கேணி மெஸ்ஸுக்குப் பன்னிரண்டேகாலுக்குள் போய்விட வேண்டும், ஆபீஸ்காரர்கள் வந்துவிட்டால் ரசம் நீர்த்துப்போகும்." "மயிலாப்பூர் குளத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் பூக்கட்டுகிறவர்கள் கடை விரிக்கும் நேரத்தில். மதியம் போனால் வெயிலைத்தான் பார்ப்பாய்." "அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகளை முதலில் பார். பிறகு கால் வலிக்கும், சிலைமேல் பழி விழும்." பயனுள்ள குறிப்புகள், மறுக்கவில்லை. பயனுள்ளதை யாராவது கேட்காமலே கொடுத்தால் ஏன் என்று யோசிப்பது என் வழக்கம்.

உன் முதல் விதி உனக்கு நினைவிருக்கும். "போர்டுல நம்ம ஊரு பேரு இருந்தா உள்ள காலெடுத்து வைக்காத." அந்த விதியை நீயே மீறிய நாளும் உண்டு. மழைக்கு ஒதுங்கி, வாசலில் ஆத்தங்குடித் தரைக்கல்லைப் போலவே அச்சிட்ட தாள் ஒட்டியிருந்த ஒரு செட்டிநாட்டு உணவகத்துக்குள் நுழைந்தோம். பரிமாறுகிற பையன் கனிவோடு குனிந்து, "மேடம், செட்டிநாடுன்னா செம காரமா இருக்கும். தாங்குவீங்களா?" என்றான். நீ அவனை ஏற இறங்கப் பார்த்து, "அறுவது வருசமாத் தாங்கிக்கிட்டுத்தான தம்பி இருக்கோம்" என்றாய். அவனுக்குப் புரியவில்லை. சிவப்பாக ஏதோ வந்தது. நீ பையிலிருந்து பேனாவை எடுத்துக் காகிதக் கைத்துண்டின் மீது பத்துக்கு ஒன்று என்று போட்டாய். "அந்த ஒண்ணு எதுக்கு?" என்றேன். "தண்ணி கொண்டாந்து வச்சான்ல."

சௌகார்பேட்டையில் இரண்டு முறுக்குகளுக்கு நடுவே வெள்ளரியும் தக்காளியும் வைத்துக் கொடுத்தார்கள். துணைக்கு ஆள் தேடும் முறுக்கை நான் நம்புவதில்லை என்றேன். "பேசாமத் தின்னு. பையை முன்னாடி பிடிச்சுக்க" என்றாய். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, விளக்கேற்றும் நேரத்தில், பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தார் நடத்தும் தள்ளுவண்டியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வாங்கித் தந்தாய். நம் பக்கத்துப் பெரியவர்கள் பர்மாவிலிருந்து தேக்கு மரத்தைக் கொண்டுவந்தார்கள். இவர்கள் சட்டியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மரத்தைப் பழைய சாமான் கடையில் விற்றாயிற்று. சட்டி இன்னும் அடுப்பில் இருக்கிறது. இதைச் சொன்னபோது நீ சிரித்துப் புரையேறி, வண்டிக்காரர் பதறிப்போய், "பெரியம்மா, காரம் கம்மி பண்ணட்டுமா?" என்று கேட்டார்.

அன்றுதான் நேராகக் கேட்டேன். "ஏண்டி, உன் வீட்ல உலை வைக்கிறதில்லையா?"

நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுச் சோறு எங்கயும் கெடைக்கும். இது இங்குட்டு மட்டுந்தான்" என்றாய். உடனே எதிர்ச்சாரியில் ஒரு பழைய கட்டடத்தைக் காட்டி அதன் தூண்களைப் பற்றிப் பேசத் தொடங்கினாய். நீ வேதியியல் படித்தவள். தூண்களைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? அந்தக் கணத்தில் என் சந்தேகம் உறுதியானது.

மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவரைக்கூட, "சாப்பிட்டுப் போறீகளா?" என்று கேட்கிற ஊரில் பிறந்தவள் நீ. அப்படிப்பட்டவள் தோழியைப் பதினோரு ஆண்டுகள் தெருத்தெருவாகச் சாப்பிட வைத்தால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். முதலில், மகன் வீட்டில் உன்னைச் சரியாக நடத்தவில்லை என்று நினைத்தேன். உன் புடவையை, வளையலை, கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழலைக் கவனித்தேன். நீ ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டே போனாய். அந்தக் கருத்தைக் கைவிட்டேன். பிறகு, என்னைப் பற்றித்தான் உனக்கு வெட்கமோ என்று நினைத்தேன். அதை அவ்வளவு எளிதாகக் கைவிட முடியவில்லை.

ஒரு நாள் சென்னைப் பேருந்து வழிகாட்டிப் படம் ஒன்றை விரித்து, உன் தாள்களில் இருந்த இடங்களைப் பென்சிலால் குறித்தேன். வடக்கே, கிழக்கே, தெற்கே, புள்ளிகள் நெருக்கமாக விழுந்தன. உன் வீட்டைச் சுற்றி மட்டும் ஒன்றுமில்லை. அத்தனை பெரிய பகுதியில் நல்ல இட்லி ஒன்றுகூடவா கிடைக்காது? பாளையக்காரர் கோட்டைகளை ஆண்டுக்கணக்கில் படத்தில் குறிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். காவல் வளையத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? நீ எனக்கு ஊரைக் காட்டவில்லை. உன் வீட்டு வாசலிலிருந்து என்னை விலக்கி வைத்திருந்தாய். கேட்டுவிட வேண்டும் என்று அடுத்த பயணத்துக்காகக் காத்திருந்தேன். அதற்குள் நீ போய்விட்டாய். எனக்குக் கண்ணில் அறுவை செய்து கட்டுப் போட்டிருந்த வாரம் அது. வர முடியவில்லை.

இந்தத் தை மாதம் மருத்துவரைப் பார்த்துவிட்டு நேராக உன் வீட்டுக்குப் போனேன். துக்கம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் விசாரணைக்குத்தான் போனேன். உன் மகன் அலுவலகம் போயிருந்தான். வனிதா கதவைத் திறந்து, என்னைக் கண்டதும் ஓர் அடி பின்வாங்கினாள். அதை நான் குறித்துக்கொண்டேன்.

"வாங்க ஆன்ட்டி. சாப்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பிறகு, "காபி போடட்டுமா?" என்றாள்.

உன் படத்தைப் பார்த்தேன். காபி குடித்தேன். பிறகு கேட்டேன்: "உன் மாமியார் என்னை ஏன் இந்த வீட்டுக்குள் விடவில்லை?"

அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "உங்களுக்கு நெஜமாவே ஞாபகம் இல்லையா ஆன்ட்டி?" என்றாள்.

"எது?"

"கல்யாணமாகி ரெண்டாவது மாசம். மொத தடவை நான் தனியா சமைச்சேன். நீங்க ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு என்னைப் பார்த்து, 'குழம்பு நல்லாத்தான் இருக்கு. என்ன குழம்புன்னு மட்டும் சொல்லிடு'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சாரு."

எனக்கு நினைவில்லை. ஆனால் வாக்கியத்தின் அமைப்பு என்னுடையதுதான். வேறு யாரும் உரிமை கோர முடியாது.

"மூணு நாள் நான் அடுப்பு கிட்டயே போகல. அம்மா வீட்டுக்குப் போறேன்னுட்டேன். அத்தைதான் வந்து உக்காந்து, 'அவ வாய் அப்படி, மனசுல ஒண்ணும் இருக்காது. ஆனா இனிமே அவ இங்க சாப்பிட மாட்டா. அது என் பொறுப்பு'ன்னாங்க. அப்புறம் நீங்க வர்றதுக்கு இருபது நாள் முன்னாடியே பஸ் ஏறிடுவாங்க. ஒவ்வொரு கடையாப் போயி சாப்பிட்டுப் பார்ப்பாங்க. 'இத அவ குத்தம் சொல்ல முடியாது'ன்னு வந்து சொல்லுவாங்க. சுகர் முந்நூறு இருக்கும்போது ஜிலேபி சாப்பிட்டாங்க ஆன்ட்டி, சௌகார்பேட்டைல. எனக்காக."

ஜிலேபி அவளுக்காகத்தான் என்பதில் எனக்கு இன்றுவரை ஐயம் உண்டு. உனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நாங்கள் இருவரும் அதற்கு அகப்பட்டோம். மற்றதை ஒப்புக்கொள்கிறேன்.

நீ என்னிடமே சொல்லியிருக்கலாம் என்று உன் கூடத்தில் உட்கார்ந்து கோபப்பட்டேன். முப்பது ஆண்டுப் பழக்கம். "நீ பேசினது தப்பு" என்று சொல்ல உனக்கு என்ன தயக்கம்? சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்துப் பார்த்தேன். சிரித்திருப்பேன். வேடிக்கை தெரியாத பெண் என்று இன்னொரு வாக்கியம் சொல்லியிருப்பேன். பிறகு அடுத்த முறை சென்னைக்கு வந்தால் உனக்குத் தொலைபேசிகூடச் செய்யாமல் இரவு வண்டி ஏறியிருப்பேன். நீ அதைக் கணக்கிட்டிருக்கிறாய். எங்கள் இருவரில் ஒருத்தியையும் இழக்காமல் இருப்பதற்குப் பதினோரு ஆண்டுகள் பேருந்தில் அலைந்திருக்கிறாய். நான் உன்னைச் சந்தேகித்தது சரி. குற்றவாளியைத்தான் தவறாகப் பிடித்திருந்தேன்.

எழுந்து விடைபெற வேண்டிய நேரம் வந்தது. "மதியத்துக்கு என்ன சமைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன். வனிதா என் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்வையை விலக்கவில்லை. பிறகு அவள் உள்ளே போய் இலை இல்லை என்று தட்டை எடுத்து வந்தாள். சுண்டைக்காய் வற்றல் குழம்பு. புளி மிகுதி, வெந்தயம் கருகியிருந்தது. அவள் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று, கரண்டியைக் கையில் பிடித்தபடி, "எப்படி இருக்கு ஆன்ட்டி?" என்றாள்.

நல்ல வாக்கியங்கள் இரண்டு மூன்று வரிசையில் வந்து நின்றன. அவற்றில் ஒன்று மிகவும் நன்றாக இருந்தது. நீ கேட்டிருந்தால் புரையேறியிருக்கும். பொய் சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை. தட்டை அவள் பக்கமாக நகர்த்தி, "இன்னும் ஒரு கரண்டி ஊற்று" என்றேன்.

ஊற்றினாள். முழுவதையும் சாப்பிட்டேன். அந்த வாக்கியம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. ஆனி மாதம் மறுபடியும் கண் மருத்துவரிடம் போக வேண்டும். மதியத்துக்கு வருவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன்.