பச்சைக் கல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ நலமாக இருப்பதைப் போன வாரம் டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய். நல்லதுதான்.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. நான்கு வேளை சொட்டு மருந்து போட வேண்டும். இரண்டு வேளை போட்டுவிட்டு நாலும் போட்டாச்சு என்று என்னிடம் சாதிக்கிறார். குளியலறைச் சுவரில் ஈரம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அதே இஸ்திரி மேசை. இருபது வருஷமாகியும் ஒயர் வலது பக்கத்திலிருந்துதான் வருகிறது. என் நொட்டாங்கைக்குக் குறுக்கே விழுந்து, மணிக்கு நாலு தடவை என்னைத் திட்ட வைக்கிறது.

உன் நிகழ்ச்சியை அங்கேதான் பார்த்தேன். சாப்பாட்டு நேரம். துணி மடிக்கும் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எங்க அண்ணன், எங்க அண்ணன் என்று பீற்றிக்கொண்டேன். சுவர் முழுக்க கிட்டாரும் மாண்டலினும் பாஞ்சோவுமாக நாற்பத்தொன்று என்றாய். அவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பழுப்பு கிட்டாரை இறக்கினாய். "நான் வாசிக்கக் கத்துக்கிட்டதே இதுலதான்" என்றாய். கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்காரும் கட்டை ஏன் பச்சையாக இருக்கிறது என்று அந்தப் பேட்டிப் பெண் கேட்டாள். அது ஒரு அபூர்வக் கல், அந்தக் காலத்து ஆட்கள் கையால் செதுக்கியது, இப்போதெல்லாம் கிடைக்காது என்று நீ சொன்னாய்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "கல்லாம்ல கல்லு! அது என் டூத் பிரஷ்டி!" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்து முடிப்பதற்குள் உறைத்தது. அந்த கிட்டார் ரயிலில் தொலைந்து போயிற்றே!

உனக்கு நினைவில்லையா அண்ணா? எனக்கு இடக்கை வாகு என்பதால், தந்திகளைத் தலைகீழாக மாற்றிக் கட்ட அப்பா அந்தக் கட்டையைப் பெயர்த்தார். அது இரண்டாக உடைந்தது. வீட்டில் வேறு எதுவும் அகப்படாமல் என் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்து, அதில் ஆறு வெட்டுப் போட்டு ஒட்டினார். ஒரு வாரம் நான் விரலால் பல் தேய்த்தேன். மீட்டினா பேஸ்ட் வாசம் வருதுடி நொட்டாங்கை என்று நீ கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாய்.

அதில் நீ எப்படிக் கற்றிருக்க முடியும்? உனக்கு அது முழுக்கத் தலைகீழ். டிவியில் நீ அதை உன் வலக்கை வாகுக்கு மடியில் வைத்திருந்தபோது, விரலும் மீட்டுகிற வில்லையும் பட்டுத் தேய்ந்த கீறல்கள் எல்லாம் துளைக்கு மேலே, உன் மோவாய்ப் பக்கம் தெரிந்தன. அவை என் கீறல்கள். கொஞ்சம் வாசித்துக் காட்டச் சொன்னாள். இது வயசானது, தொந்தரவு பண்ணக் கூடாது என்று சொல்லி ஆணியில் மாட்டிவிட்டாய். நல்ல பதில்தான் போ.

நீ ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் உன் கிட்டாரின் கழுத்து ஒடிந்தது. தந்தியை மாற்றிக் கட்டிச் சமாளித்துக்கொள்கிறேன், ஒரு மாதத்தில் திருப்பித் தருகிறேன் என்று என்னுடையதைக் கேட்டாய். நானே துடைத்து உறையில் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. ரயிலில் தூங்கிவிட்டாயாம், யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம், மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லையாம். அதைப் படித்து அழுதுவிட்டு, நான்தான் உனக்கு ஆறுதல் எழுதினேன். போனால் போகட்டும், நீ பத்திரமாக இருக்கிறாயே, அது போதும் என்று.

அப்பா இன்னொரு கிட்டார் வாங்கி, தந்தியை எனக்கேற்ப மாற்றிக் கட்டித் தருகிறேன் என்றார். நான்தான் வேண்டாமென்றேன். புதிதாக ஒன்று வீட்டுக்கு வந்தால், நீ தொலைத்ததைக் குத்திக்காட்டுவது போல ஆகிவிடுமே என்று பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம், அண்ணா. நான் தந்தியைத் தொடவே இல்லை. எவ்வளவு பெரிய மடச்சி நான்!

அப்பாவும் வீட்டில் நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறார். கண்ணில் கட்டோடு இருந்தும் அந்தப் பச்சையை அடையாளம் கண்டுகொண்டார். "அவன் மறந்திருப்பாம்மா" என்றார். உன்னை விட்டுக்கொடுக்க அவருக்கு எப்போதும் மனசு வராது. மறந்து போய்க் கல் என்று சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். மறந்து போய் ரயில் என்று எழுத முடியுமா?

அடுத்த மாதம் நாற்பத்தொன்றும் உன் பெயரில் ஒரு கூடத்துக்குப் போகின்றன, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பார்கள் என்று சொன்னாய். அதற்கு முன் என்னுடையதை அனுப்பிவிடு. நான் வாசிப்பேனா என்று தெரியாது. இஸ்திரிச் சூட்டில் விரல் நுனியெல்லாம் காய்த்துவிட்டது. வாசிக்காவிட்டாலும் அது என்னுடையது. தந்தியைத் தளர்த்திவிட்டு அனுப்பு, இல்லாவிட்டால் கழுத்து வளைந்துவிடும்.

உன்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். சலவைக்கூடத்திலும், நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். நீ நன்றாக இரு. உடம்பைப் பார்த்துக்கொள்.

கண்ணாடிக்குள் ஒரு ஆணி காலியாக இருக்கிறதே, அந்த கிட்டார் எங்கே என்று யாராவது கேட்டால், ரயிலில் தொலைந்துவிட்டது என்று சொல். நீ சொன்னால் நம்புவார்கள். நான் நம்பினேனே.

இப்படிக்கு,
உன் நொட்டாங்கை